பாதிக்கப்பட்டோர் எண் ஒன்று

குழுவின் அறிக்கை முதல் வாரத்திலேயே தட்டச்சாகித் தயாராக இருந்தது. முன்னுரை, முடிவுரை, பரிந்துரைகள், அச்சகத்தாருக்கு நன்றி எல்லாம் சேர்த்து நூற்றுப் பன்னிரண்டு பக்கம். நடுவில் ஒரே ஒரு பக்கத்தை மட்டும் வெறுமையாக விட்டிருந்தார்கள். பாதிக்கப்பட்ட உள்ளூர்த் தொழிலாளி ஒருவரின் வாக்குமூலம் அங்கே வர வேண்டும். அப்படி ஓர் ஆள்தான் மூன்று மாதமாக அகப்படவில்லை.

அது எழுபத்தொன்பதாம் வருஷம். இலங்கையின் தேயிலைத் தோட்டங்களிலிருந்து ஒப்பந்தப்படி திருப்பி அனுப்பப்பட்டவர்கள் கப்பலில் வந்து இறங்கிக்கொண்டிருந்த காலம். சேலம் ஜில்லாவுக்கும் சில குடும்பங்கள் வந்து சேர்ந்தன. அவர்கள் வந்ததால் உள்ளூர்க்காரனுக்கு வேலை போகிறது, கூலி இறங்குகிறது, அரிசி விலை ஏறுகிறது, ஏரி வற்றுகிறது என்று பலரும் பேசிக்கொண்டார்கள். ஏரி வற்றியது அவர்கள் வருவதற்கு மூன்று வருஷம் முன்னால். அதை யாரும் பொருட்படுத்தவில்லை. இந்தப் பேச்சையெல்லாம் ஆராய்ந்து உண்மை என்று நிரூபிக்கத்தான் குழு அமைந்தது.

குழுவின் முழுப்பெயர் 'தாயகம் திரும்பியோர் வருகையால் உள்ளூர்ப் பொருளாதாரத்துக்கு நேரும் பாதிப்பு குறித்த ஆய்வுக் குழு'. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மிளகாய் மண்டியின் மாடியில் அலுவலகம். பெயர்ப்பலகை சுவரைவிட நீளமாகிவிட்டதால் மூன்று துண்டாக்கி மூன்று பக்கமும் மாட்டியிருந்தார்கள். தெருவில் நேராக வருகிறவன் கண்ணுக்கு 'உள்ளூர்ப் பொருளாதாரத்துக்கு நேரும் பாதிப்பு' என்ற துண்டு மட்டும் தெரியும்.

தலைவர் அர்த்தநாரி, ஓய்வுபெற்ற தாசில்தார். நிபுணர் அத்தியப்பன், பொருளாதாரப் பேராசிரியர். இருபத்திரண்டு வருஷமாக ஒரே நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு பாடம் நடத்தியவர். மூன்றாமவர் மணியன், சேகோ ஆலை முதலாளி. ஜவ்வரிசி செய்கிற அந்த ஆலையில் தொழிலாளர்கள் நிறையப் பேர் இருந்ததால் அவரைத் தொழிலாளர் பிரதிநிதியாகப் போட்டிருந்தார்கள்.

ஒரு நாள் காலை பத்தரை மணிக்குத் தீர்த்தகிரி என்பவன் அந்த மாடிப்படி ஏறி வந்தான்.

அவன் குழுவைத் தேடி வரவில்லை. பனமரத்துப்பட்டிக்குத் தெற்கே நொச்சிக்காடு என்கிற சிற்றூர்க்காரன். வயது நாற்பதுக்கு மேல். மண்டியில் மூட்டை தூக்க ஆள் கேட்கிறார்கள் என்று யாரோ சொல்லக் கேட்டு வந்தவன், கீழே கணக்குப்பிள்ளை 'மேல கேளு' என்று கை காட்டியதும் ஏறிவிட்டான். அவர் காட்டியது மண்டிக்குள் இருந்த பரணை.

"ஆளு வேணும்னாங்களாமுங்க," என்றான் வாசலில் நின்று.

குழுவின் எழுத்தர் தலை நிமிர்ந்தார். "இப்ப வேலை இருக்கா உனக்கு?"

"இல்லீங்க. அதுக்குத்தானுங்க வந்தேன்."

"முன்னே இருந்துதா?"

"பதினோரு வருசம் இருந்துதுங்க. போயிருச்சுங்க."

எழுத்தர் பேனாவை வைத்துவிட்டு உள்ளே ஓடினார். அடுத்த நிமிஷம் தலைவரே எழுந்து வந்தார். அவர் தாசில்தாராக இருந்த முப்பது வருஷத்தில் எவனுக்கும் நாற்காலி போட்டதில்லை. இன்று தம் கையாலேயே ஒன்றை இழுத்துப் போட்டு, "உட்காருங்கள்," என்றார். தீர்த்தகிரி பின்னால் திரும்பிப் பார்த்தான். வேறு யாரும் இல்லை. நாற்காலியின் விளிம்பில், எப்போது வேண்டுமானாலும் எழுந்துகொள்ளத் தோதாக உட்கார்ந்தான். டீ வந்தது.

"எங்கே வேலை பார்த்தீர்கள்?"

"இவரு கம்பெனியிலதானுங்க," என்று மணியனைக் காட்டினான்.

மணியன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பதினோரு வருஷமும் தீர்த்தகிரி பால் தொட்டிக்குள் நின்றவன். அரைத்த கிழங்கின் பால் தொட்டியில் படிந்து மாவாக இறுகும். இடுப்பளவு புளித்த தண்ணீரில் இறங்கி அதை வெட்டி மேலே எடுத்துக் கொடுப்பது அவன் வேலை. தொட்டிக்கு மேலே நடந்து போகிற முதலாளிக்கு அவன் உச்சந்தலை மட்டுந்தான் பழக்கம்.

"குனி," என்றார் மணியன். குனிந்தான். "ஆமா, நம்ம ஆளுதான்."

"வேலை எப்படிப் போயிற்று?" என்று கேட்டார் தலைவர்.

"தண்ணியிலயே நின்னு நின்னு காலு வெந்து போச்சுங்க. ரப்பர் பூட்ஸ் ஒண்ணு கேட்டேனுங்க. நாளையிலிருந்து வர வேண்டாம்னுட்டாருங்க."

எழுத்தர் எழுதுவதை நிறுத்தினார். கீழிருந்து மிளகாய் நெடி ஏறிப் பேராசிரியர் மூன்று முறை தும்மினார்.

"கேள்வி அதுவல்ல," என்றார் தலைவர். "உங்கள் வேலையைப் பறித்தது யார்?"

"மொதலாளிதானுங்க."

"முதலாளி எப்படிப் பறிக்க முடியும்? வேலை அவருடையது. தன் சொத்தைத் தானே எடுத்துக்கொள்வது பறிப்பு ஆகாது. நன்றாக யோசித்துச் சொல்லுங்கள். உங்கள் ஊரில் சிலோன்காரர் யாராவது இருக்கிறார்களா?"

"எங்க ஊட்டுக்கு எதுத்தாப்பல கந்தன் இருக்காப்பலங்க."

மூன்று பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"அந்தக் கந்தன் இப்போது உங்கள் வேலையைச் செய்கிறானா?"

"இல்லீங்க. பஸ் நிக்கற எடத்துல டீக்கடை வச்சிருக்காப்பல. அதுக்கு முன்னால ஒரு வருசம் வேலையே இல்லாம சும்மாதான் இருந்தாப்பல."

பேராசிரியர் கையை உயர்த்தினார். "இது முக்கியம். எழுத்தரே, குறித்துக்கொள்ளும். இந்த ஊரின் வேலையின்மை இந்த ஊர்க்காரர்களுக்கே உரியது. அதிலும் ஒரு பங்கை வெளியாள் ஒரு வருஷம் அனுபவித்திருக்கிறான்."

எழுத்தர் குறித்துக்கொண்டார்.

பிறகு பேராசிரியர் தீர்த்தகிரி பக்கம் திரும்பி, சின்னக் குழந்தைக்குச் சொல்வது போல விளக்கினார். "வேலை என்பது ஒரு பானைச் சோறு. இலை கூடினால் சோறு குறையும். புரிகிறதா?"

"ஆளு கூட வந்தா இன்னொரு பானை வெப்பாங்களேங்க? வர்றவங்களும் கை கால் உள்ளவங்கதானுங்களே, அவங்களே ஒலை வெச்சுக்குவாங்க."

"வீட்டில் வைக்கலாம். பொருளாதாரத்தில் அடுப்பு ஒன்றுதான்," என்றார் பேராசிரியர், நோட்டுப் புத்தகத்தைத் தட்டி.

எழுத்தர் ஒரு காகிதத்தை நீட்டினார். தீர்த்தகிரி மூன்றாம் வகுப்பு வரை போனவன். தன் பேரை எழுதுவான், மற்றவர்கள் எழுதியதைப் படிக்க மாட்டான்.

"இது வேலைக்குத்தானுங்களே?"

"வேலை சம்பந்தமாகத்தான்," என்றார் எழுத்தர்.

அவர் சொன்னது பொய் இல்லை. தீர்த்தகிரி கையெழுத்துப் போட்டான். அவன் சட்டையில் ஓர் அட்டையைக் குத்தினார்கள். 'பாதிக்கப்பட்டோர் எண் 1' என்று எழுதியிருந்தது. வேலை கிடைத்துவிட்டது என்றுதான் அவன் நினைத்துக்கொண்டான்.

ஒருவகையில் வேலைதான். மறுநாளிலிருந்து குழு அவனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போயிற்று. போகிற இடத்தில் மேடை இருக்கும். அவனை நடுவில் உட்காரவைப்பார்கள். அவன் பேச வேண்டியதில்லை. பேசப்போனால் பேராசிரியர் தொடையில் தட்டி அடக்குவார். கூட்டம் முடிந்ததும் சாப்பாடு.

மேட்டூரில் கம்பெனி ஆட்களும் அரசாங்க ஊழியர்களும் கூடியிருந்தார்கள். தலைவர் மேஜையைக் குத்திப் பேசினார். "பிறந்த மண்ணை விட்டுப் பிழைப்புக்காக இன்னொரு மண்ணில் போய் விழுகிறவன் அந்த மண்ணுக்குப் பாரம்! என் மூத்த மகனையே எடுத்துக்கொள்ளுங்கள். மஸ்கட்டில் இருக்கிறான். பிழைப்புக்காகவா போனான்? அந்த நாட்டை முன்னேற்றப் போயிருக்கிறான். மாதாமாதம் அவன் அனுப்புகிற பணத்தில் நான் இங்கே இரண்டு வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறேன். அந்த நாட்டுக்குத்தான் எத்தனை லாபம்!"

கைதட்டினார்கள். பின்வரிசையில் நரைத்த தலைக்காரர் ஒருவர் எழுந்தார். "ஏனுங்க, இந்த அணையைக் கட்டுனதே வெளியூரு ஆளுங்கதானுங்களே. எங்கப்பனெல்லாம் தெக்கயிருந்து வந்து கல்லு சுமந்தவரு."

பேராசிரியர் பதில் சொன்னார். "கட்டி முடித்ததும் அவர்கள் போயிருக்க வேண்டும். அணையை நாம் பார்த்துக்கொண்டிருப்போம்."

நரைத்த தலைக்காரர் யோசித்துக்கொண்டே உட்கார்ந்தார். அவருக்கு எங்கே போவது என்று தெரியவில்லை போலிருக்கிறது.

அடுத்த வாரம் கந்தனைக் குழுவுக்கு வரச் சொன்னார்கள். முப்பத்தைந்து வயது, ஒல்லி, கழுத்தில் மப்ளர். தோட்டத்துக் குளிரில் பழகிய மப்ளரை சேலத்து வெயிலிலும் அவன் விடுவதில்லை. உள்ளே வந்தவன், மேடை மாதிரிப் போட்டிருந்த நாற்காலியில் எதிர்வீட்டுக்காரனைப் பார்த்ததும் சிரித்துவிட்டான்.

"தீர்த்தண்ணே! நீங்களும் இங்கிட்டா? நல்லதாப் போச்சு, எனக்குப் பயமா இருந்துச்சு."

தீர்த்தகிரி சட்டையிலிருந்த அட்டையைக் கையால் மூடிக்கொண்டான்.

எழுத்தரிடம் இரண்டு பட்டியல் இருந்தன. உள்ளூர்க்காரர் வேலையைப் பறித்து உழைப்பவர்கள் ஒன்றில். உழைக்காமல் அரசாங்கச் சோறு தின்பவர்கள் மற்றொன்றில். "இவரை எதில் சேர்ப்பதுங்கய்யா?" என்று கேட்டார்.

"இரண்டிலும்," என்றார் தலைவர். "கடை திறந்திருக்கும்போது முதலாவது. மூடியிருக்கும்போது இரண்டாவது." பிறகு கந்தனைப் பார்த்து, "எந்த ஊர் நீ?"

"நொச்சிக்காடுங்க."

"இப்போது இருக்கிற ஊரைக் கேட்கவில்லை. பூர்வீகம்?"

"அதாங்க, பூர்வீகமே நொச்சிக்காடுதாங்க. எங்க தாத்தா பஞ்சத்துல கங்காணிகூட கண்டிச் சீமைக்குப் போனாரு. கப்பல் ஏறயில இந்திய ஆபீசுல குடுத்த குடும்ப அட்டையிலயே எழுதியிருக்குங்க." மடியிலிருந்து எடுத்துக் காட்டினான். படம், முத்திரை, கையொப்பம் எல்லாம் இருந்தன.

தலைவர் அட்டையைப் பார்க்காமலே சொன்னார். "உன் தாத்தா போனபோது இங்கே ஒரு வேலை மிச்சமாயிற்று. அதற்காக இக்குழு அவருக்கு நன்றி தெரிவிக்கிறது. நீ வந்ததால் ஒரு வேலை நட்டம். அதற்காக உன்னைக் கண்டிக்கிறது. இரண்டையும் பதிவு செய்யும்."

"நாங்களா வரலீங்களே," என்றான் கந்தன். "அங்கிட்டு உங்க தாத்தா சிலோன்ல பொறந்ததுக்குக் காயிதம் காட்டுன்னாங்க. காயிதம் இல்ல. ஏத்தி விட்டுட்டாங்க."

இதைப் பதிவு செய்ய அறிக்கையில் இடம் இல்லை.

மணியன் அப்போது ஒரு பேச்சுப் பேசினார். அவர் பேசுவது அபூர்வம். "எனக்கென்னங்க, உள்ளூருக்காரனுக்குக் கூலி ஏத்திக் குடுக்கோணும்னுதான் ஆசை. இவிய வந்து குவிஞ்சிட்டதால ஏத்த முடியறதில்லீங்க."

எழுத்தர் கோப்பைப் புரட்டியவாறே, அறியாமல் கேட்டுவிட்டார். "ஐயா ஆலையில் கூலி ஏற்றி ஒன்பது வருஷம் ஆகிறது. இவர்கள் வந்து நாலு வருஷந்தானே?"

"வருவாங்கன்னு முன்கூட்டியே எனக்குத் தெரியுமில்ல," என்றார் மணியன்.

கூட்டம் கலைந்து பஸ்ஸில் ஊர் திரும்பும்போது கந்தன் தீர்த்தகிரிக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தான். ஜன்னலோரம் உட்கார்ந்து, புதிதாக ஒரு பெஞ்சு வாங்கிப் போட வேண்டும், சேகோ ஆலைப் பெண்கள் உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டே குடிக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தான். தீர்த்தகிரி வழி நெடுக வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். கையெழுத்துப் போட்ட காகிதத்தில் என்ன எழுதியிருந்தது என்பது அவனுக்கு மெல்ல மெல்லப் புரிந்துகொண்டிருந்தது.

கந்தனை விசாரித்த நான்காம் நாள், புதன்கிழமை. தீர்த்தகிரியைக் குழு ஜீப்பில் ஆத்தூர்க் கூட்டத்துக்குக் கொண்டுபோயிருந்தது. மாலையில் திரும்பி வந்து இறங்கியபோது பஸ் நிற்கிற இடத்தில் டீக்கடையைக் காணோம். நாலு மூங்கில் குழி மட்டும் இருந்தது. தகரக் கூரை சாலையோரம் மடங்கிக் கிடந்தது. பாய்லர் ஒரு பக்கம் நசுங்கிப் போயிருந்தது. கந்தனின் மனைவி அங்கம்மாள் மண்ணில் குந்தி, உடையாத கிளாஸ்களைப் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். அழவில்லை. ஒவ்வொரு கிளாஸையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து விரிசல் பார்த்துவிட்டுப் போட்டாள்.

தீர்த்தகிரி அவளைத் தாண்டி நடந்தான். கூப்பிடுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் கூப்பிடவில்லை.

வீட்டு வாசலில் அவன் மனைவி செல்லியம்மாள் நின்றிருந்தாள். காலடியில் பால் குடம், நிரம்ப இருந்தது. அவன் வேலை போன நாளிலிருந்து இரண்டு எருமையின் பாலையும் கந்தன் கடைக்கு ஊற்றித்தான் அந்த வீட்டில் உலை கொதித்தது.

"வேற ஒரு ஜீப்புல நாலு பேரு வந்தாங்க," என்றாள். "எல்லாத்தையும் பிடுங்கி எறிஞ்சாங்க. ஏன்டான்னு கேட்டா, எதுத்த ஊட்டுத் தீர்த்தகிரியே எழுதிக் குடுத்திருக்கான்னு காயிதத்தக் காட்டுறாங்க. உங்க கையெழுத்துத்தான் அது. எனக்குத் தெரியாதா, அந்தத் 'தீ'க்கு நீங்க மட்டுந்தான் ரெண்டு சுழி போடுவீங்க."

"வேலைக்குன்னாங்க, புள்ள."

"இப்ப இந்தப் பாலை எவன் தலையில கொண்டு போயி ஊத்தறது? உங்க குழு குடிக்குமா?"

அவன் சட்டையிலிருந்த அட்டையைப் பிடுங்கப் போனான்; ஊசி விரலில் ஏறியது.

"இத்தன நாளா அந்த அட்டையக் குத்திக்கிட்டு நெஞ்ச நிமித்திக்கிட்டுத் திரிஞ்சீங்களே," என்றாள் செல்லியம்மாள். "நாளைக்கு அந்தப் பெரிய கூட்டமாமில்ல. போயி வாயத் தொறந்து உள்ளதச் சொல்லுங்க. சொல்லாம இந்த ஊட்டுப் படி ஏறாதீங்க."

மறுநாள் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் பொது விசாரணை. அறிக்கையை அச்சுக்கு அனுப்புவதற்கு முன் கடைசிக் கூட்டம். முந்தின நாள் நடந்த கல்யாணத்தின் மாலைகள் மிச்சமிருந்தன; அவற்றைக் குழுவினருக்குப் போட்டார்கள். கடைக்காரர்களும் பத்திரிகைக்காரர்கள் இரண்டு பேரும் முன்வரிசையில் இருந்தார்கள். கந்தனைப் பின்னால் நிறுத்தியிருந்தார்கள்.

"இதோ, உங்கள் சகோதரர்!" என்று தலைவர் தீர்த்தகிரியின் தோளில் கை போட்டு மைக் முன்னால் நிறுத்தினார். "இவர் வாயால் ஒரே வார்த்தை சொல்லட்டும். என் வேலையைப் பறித்தது கந்தன்."

தீர்த்தகிரி மைக்கைப் பார்த்தான். கூட்டத்தைப் பார்த்தான்.

"எம் வேலையக் கந்தன் பறிக்கலீங்க," என்றான். குரல் மண்டபம் முழுக்க இரைந்து அவனையே தூக்கிவாரிப் போட்டது. "மணியன் மொதலாளிதானுங்க நிறுத்துனாரு. கந்தன் கடையாலதானுங்க எங்க ஊட்டுல சோறு. அதையும் நாந்தான் கெடுத்துட்டேன். அந்தக் காயிதத்துல என்ன எழுதியிருந்துதுன்னு எனக்குத் தெரியாதுங்க."

மண்டபம் சலசலத்தது. பத்திரிகைக்காரர்கள் எழுத ஆரம்பித்தார்கள். மணியன் மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

தலைவர் முப்பது வருஷம் தாசில்தாராக இருந்தவர். அவர் முகம் ஒரு நொடிதான் இருண்டது. தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

"நீ எந்த ஊர்?" என்று கேட்டார்.

மறுபடி 'நீ' ஆகிவிட்டதை தீர்த்தகிரி கவனித்தான்.

"நொச்சிக்காடுங்க."

"அத்தாட்சி?"

"அங்கதானுங்க பொறந்தேன்."

"பிறந்ததற்கு அத்தாட்சி?"

தீர்த்தகிரி தன் உடம்பைக் குனிந்து பார்த்துக்கொண்டான். அதைத் தவிர அவனிடம் வேறு அத்தாட்சி இல்லை. அவன் பிறப்பைப் பதிய யாரும் எங்கும் போகவில்லை. நிலம் கிடையாது, அதனால் பட்டா கிடையாது. குடிசை புறம்போக்கில். அப்பன் பேரும் தாத்தன் பேரும் அவன் நினைவில் மட்டும் இருந்தன.

"எழுத்தரே, அந்தக் கந்தனுடைய அட்டையை வாங்கும்."

அட்டை வந்தது. தலைவர் இந்த முறை அதை உரக்கப் படித்தார். "பூர்வீகம், சேலம் ஜில்லா, நொச்சிக்காடு. முத்திரை இருக்கிறது. மேலதிகாரியின் கையொப்பம் இருக்கிறது." அட்டையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். "பெரியோர்களே! நொச்சிக்காட்டுக்காரர் என்று எழுத்து மூலம் நிரூபிக்கப்பட்டவர் இந்த ஜில்லாவில் ஒரே ஒருவர். அவர் கந்தன். எந்த அத்தாட்சியும் இல்லாத இந்த ஆசாமி எங்கிருந்தோ வந்து பதினோரு வருஷம் சேகோ ஆலையில், நியாயமாகக் கந்தனுக்குச் சேர வேண்டிய வேலையைப் பறித்து வைத்திருந்திருக்கிறான்! வெளியாட்களால் உள்ளூர்ப் பொருளாதாரம் பாதிக்கப்படுகிறது என்று நாங்கள் முதல் வாரத்திலேயே சொன்னோமா இல்லையா?"

கைதட்டல் எழுந்தது. பேராசிரியர் எழுத்தர் காதில், "பெயர்களை மட்டும் மாற்றினால் போதும், பக்க எண் மாறாது," என்றார்.

கந்தனை மேடைக்கு அழைத்து நாற்காலி போட்டார்கள். தீர்த்தகிரியின் சட்டையிலிருந்த அட்டையைக் கழற்றிக் கந்தனின் மப்ளரில் குத்தினார்கள். ஒரு காகிதத்தை நீட்டினார்கள்.

"திரு கந்தன் அவர்களே, இதில் கையெழுத்துப் போடுங்கள்," என்றார் தலைவர். "உங்கள் கடையை அதே இடத்தில் இக்குழுவே கட்டித் தரும்."

கந்தன் காகிதத்தை வாங்கி நிதானமாகப் படித்தான். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவன். தீர்த்தகிரி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். போட்டுவிடட்டும் என்று அவன் மனசு வேண்டிக்கொண்டது. போட்டால் இருவர் கணக்கும் நேராகிவிடும்.

"நாலு வருசத்துக்கு முந்தி நானும் எம் பொஞ்சாதியும் நொச்சிக்காட்டுல பஸ்ஸ விட்டு எறங்குனோம்," என்றான் கந்தன். "எங்க தாத்தா வீடு எங்கிட்டு இருந்துச்சுன்னு ஒருத்தருக்கும் தெரியல. இந்த அண்ணன்தான் எங்க தாத்தா பேரக் கேட்டுட்டு, சுடுகாட்டுக்கு மேக்கால ஒரு வேம்பு நிக்கும், அதுதான் அவுக வாசல்னு எங்கப்பன் சொல்லுவாருன்னு கூட்டிக்கிட்டுப் போயிக் காட்டுனாரு. என் ஊரு எதுன்னு எனக்குக் காட்டுனதே இவருதாங்க. இவரு எப்படிங்க வெளியாளு?"

காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தான்.

தலைவர் கூட்டத்தைப் பார்த்து வருத்தத்தோடு தலையசைத்தார். "பார்த்தீர்களா? உள்ளூர்க்காரரே வெளியூர்க்காரனுக்குப் பரிந்து பேசுகிறார். இந்த ஜில்லா பின்தங்கியிருப்பதற்கு இந்த இளகிய மனந்தான் காரணம்."

மாலை போட்டு, நாட்டுப்பண் பாடி, கூட்டம் முடிந்தது. கந்தன் கையெழுத்துப் போடாததால் கடை கட்டித் தரவில்லை. தீர்த்தகிரி, தான் நொச்சிக்காட்டுக்காரன் என்று ஒரு காகிதம் தருமாறு மறுநாள் மாடிப்படி ஏறிக் கேட்டுப் பார்த்தான். ஊரை விட்டுப் போய்த் திரும்பி வந்தவர்களுக்குத்தான் பூர்வீகச் சான்று தேவைப்படும், ஊரிலேயே இருக்கிறவனுக்கு எதற்கு என்று எழுத்தர் அன்பாகவே கேட்டார்.

இரண்டு வீட்டிலும் பத்து நாள் அடுப்பு சரியாக எரியவில்லை. செல்லியம்மாள் ஓர் எருமையை விற்றாள். மிச்சமிருந்த எருமையின் பாலில் காலையில் ஒரு செம்பு அங்கம்மாள் வீட்டுக்குப் போயிற்று. தீர்த்தகிரிதான் கொண்டுபோய்க் கொடுத்தான். முதல் இரண்டு நாள் வாசலில் வைத்துவிட்டு ஓடிவந்தான். மூன்றாம் நாள் கந்தன் வழிமறித்து, "டீயாவது குடிச்சிட்டுப் போங்கண்ணே. வேற என்னா இருக்கு நம்மகிட்ட," என்றான். அதன் பிறகு அங்கேயே உட்கார்ந்து குடித்துவிட்டு வந்தான்.

பதினோராம் நாள் மணியனின் ஆலையிலிருந்து ஓர் ஆள் வந்தான். இருவரையும் கூட்டிக்கொண்டு போனான்.

மணியன் களத்தில் காய்ந்த மாவை விரலில் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். "தொட்டிக்கு ரெண்டு ஆளு வேணும். நாளைக்கு எறங்கிக்குங்க. அரைக்கூலி."

"முழுக்கூலிதானுங்களே வாங்கிட்டிருந்தேன்," என்றான் தீர்த்தகிரி.

"அது உள்ளூருக்காரனா இருந்தப்போ. இப்பத்தான் நீ வெளியாளுன்னு குழுவே சொல்லிருச்சே. வெளியாளுக்கு அரைக்கூலிதான், ஊரு ஒலகத்துல எங்கயும்."

"அப்ப நானு?" என்றான் கந்தன். "நான் உள்ளூர்னு முத்திரையே இருக்குங்களே."

மணியன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "காயிதத்துல நீ உள்ளூரு. வாயத் தொறந்தா சிலோனு. தொட்டிக்குள்ள காயிதமா பேசும்?"

அறிக்கை அந்த மாதக் கடைசியில் அச்சாகி வந்தது. வெறுமையாக இருந்த பக்கமும் ஒருவழியாக நிரம்பியிருந்தது. நொச்சிக்காட்டைச் சேர்ந்த உள்ளூர்த் தொழிலாளி தீர்த்தகிரி பதினோரு வருஷம் முழுக்கூலிக்குப் பார்த்துவந்த வேலையை, வெளியிலிருந்து வந்த தீர்த்தகிரி என்பவர் பாதிக் கூலிக்கு ஏற்றுக்கொண்டுவிட்டதாக ஆலைப் பதிவேட்டை ஆதாரம் காட்டி எழுதியிருந்தார்கள். இதைவிடத் தெளிவான சான்று எந்த மாநிலத்திலும் கிடைத்ததில்லை என்று பேராசிரியர் முன்னுரையில் ஒரு வரி சேர்த்திருந்தார். தலைவருக்கு அடுத்த குழுவிலும் தலைவர் பதவி கிடைத்தது.

வேலைக்குச் சேர்ந்த அன்று காலை இருவரும் தொட்டிக்குள் இறங்கி, இடுப்பளவு புளித்த தண்ணீரில் எதிரும் புதிருமாக நின்று மாவை வெட்டினார்கள். மேலே களத்தில் நொச்சிக்காட்டு ஆட்கள் நாலு பேர் சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்கள். எல்லாரும் தீர்த்தகிரியோடு ஆடுமாடு மேய்த்து வளர்ந்தவர்கள். அதில் ஒருவன் தொட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு மற்றவனிடம் சொன்னது தெளிவாகக் கேட்டது.

"இந்த வெளியாளுங்க அரைக்கூலிக்கு வந்து நிக்கறதாலதான் நமக்கு ஏத்த மாட்டேங்கறாங்க. எங்கிருந்துதான் வாறானுங்களோ."

தீர்த்தகிரி மண்வெட்டியை நிறுத்தினான். தலையைத் தூக்கி, மேலே நின்றவன் பேரைச் சொல்லிக் கத்தப் போனான். கந்தன் அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"விடுங்கண்ணே. முதல் ரெண்டு தலைமுறைக்கு இப்படித்தான் பேசுவாங்க."

"அப்புறம்?"

கந்தன் மாவுக் கட்டியை வாரி மேலே வீசினான்.

"அப்புறம் திருப்பி அனுப்பிருவாங்க."